அறுபது நாள் துணையாள்

அந்த அலுவலகத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினேழு வருடமாக அதன் வாசலுக்கு எதிரே, சாயம் போன குடைக்குக் கீழே மேசை போட்டு, உள்ளே போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். அங்கே எந்த வேலையாவது ஒரே மனுவில் முடிந்திருந்தால் என் மகள் நவ்ரஸ் பள்ளிக்கூடத்தோடு நின்றிருப்பாள். இன்று அவள் பல் டாக்டர். அவள் பெயரை வைத்துத்தான் பஸ்ராவில் என்னை அபூ நவ்ரஸ், அதாவது நவ்ரஸின் அப்பா, என்று கூப்பிடுகிறார்கள். சோறு போட்ட இடத்தை நான் பழிப்பேனா? நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எழுந்து நடமாட முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற சொந்தக்காரர்களுக்கு எங்கள் அரசாங்கம் மாதாமாதம் ஒரு சம்பளம் தருகிறது. அவர்களுக்கு முழுநேரத் துணையாள் என்று பெயர். நல்ல திட்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் இன்னொருவருக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறார் என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. கொடுத்ததில் இரண்டு மாதத்தை அவர் திருப்பிக் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக எதிரே இந்த அலுவலகத்தை வைத்திருக்கிறார்கள்.

நாஜிஹா என் மேசைக்கு வந்தது மார்ச் மாதத் தொடக்கத்தில், புழுதிக் காற்று அடித்த ஒரு காலையில். ஐம்பத்து நாலு வயது, ஒற்றை நாடி உடம்பு, கறுப்பு அங்கி. சக்கர நாற்காலியில் தம்பி ஷாகிரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஷாகிர் முன்பு தெரு ஜெனரேட்டரிலிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன். பதினோரு வருடத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கீழே போனதெல்லாம் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது போல, அக்காவுக்கும் சேர்த்து அவனே பேசினான்.

"அண்ணே, எங்கக்கா வயித்துல ஒரு மூட்டை தொங்குது. சொல்லக் கூச்சப்படுறா. நீங்களே ஏதாவது நாகரிகமா எழுதிக்குங்க."

"வாய மூடுடா," என்றாள் நாஜிஹா.

பிறகு அவளே மெல்லச் சொன்னாள். குடலிறக்கம். எண்பது கிலோ ஆம்பளையை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கட்டிலுக்கும் நாற்காலிக்கும் குளியலறைக்கும் தூக்கினால் வேறு என்ன வரும் என்று டாக்டர் கேட்டாராம். மாதக் கடைசியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் அறுபது நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டு சுந்துஸ் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். ஆனால் சுந்துஸ் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்கிறவள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அவள் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? அதனால் அந்த இரண்டு மாதத் துணையாள் சம்பளத்தை சுந்துஸ் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"இவ்வளவுதாண்ணே. ஒரு தாள்ல எழுதிக் குடுங்க," என்றாள்.

'இவ்வளவுதான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதல் நாளே காசு வாங்குவதில்லை. எப்படியும் பலமுறை வருவார்கள், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

யாரிடமும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டு வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவள் தெருவில் ஒருத்தி அப்படித்தான், மகளின் பிரசவத்துக்குப் பத்து நாள் போனாள். அந்தப் பத்து நாளில் வீட்டுச் சோதனைக்கு ஆள் வந்துவிட்டது. பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். திரும்ப எழுத மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்து மனுக்களை எழுதியவனும் நான்தான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

மனுவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பேச்சுத் துணைக்கு நானும் போனேன். பிரிவுத் தலைவர் நுமானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரியாதைக்கு எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். அவர் லஞ்சம் வாங்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். வருகிற எல்லோருக்கும் காய்ந்த எலுமிச்சை போட்ட டீ வரவழைத்துக் கொடுப்பார். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். அதற்கும் வழி கிடையாது.

மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அம்மா, சட்டத்துல முழுநேரம்னு போட்டிருக்கு. மயக்க மருந்து குடுத்து உங்களப் படுக்க வெப்பாங்க இல்லையா, அந்த நேரம் யாரோடது? உங்களோடதா? இல்ல. உங்க தம்பிக்காக அரசாங்கம் சம்பளம் குடுத்து வாங்கி வெச்ச நேரம். அரசாங்கத்தோட நேரத்துல நீங்க தூங்கப்போறீங்க."

"ராத்திரி தூங்குறேனே உஸ்தாத்."

நுமான் சுற்றும் முற்றும் பார்த்தார். "அத நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல," என்றார். பெரிய மனசு.

பிறகு கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். துணையாளின் நிலை என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. உயிரோடு இருக்கிறார். இறந்துவிட்டார். நோயாளி என்று மூன்றாவது கட்டம் கிடையாது. ஆனால் இரண்டாவது கட்டத்தைக் காட்டும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வந்ததை நான் பார்த்தேன்.

"இறந்துட்டா மட்டும் ஒரே தாள்தாம்மா. ஏழே நாள்ல வேற ஆள் போட்டுருவோம். அந்த விஷயத்துல எங்கள மிஞ்ச இந்த மாகாணத்துல ஒரு அலுவலகம் கெடையாது."

"அக்கா, ஒரே தாள்தானாம். யோசிச்சுப் பாரு," என்றான் ஷாகிர்.

நுமான் சிரித்தார். நானும் சிரித்தேன். நாஜிஹா சிரிக்கவில்லை. வெளியே வந்து குடை நிழலில் நாற்காலியை நிறுத்தி, தம்பி டீக்கடைக்காரனிடம் வாயடித்துக்கொண்டிருந்தபோது, அவன் காதில் விழாமல் என்னிடம் கேட்டாள்.

"அந்த ஒரே தாள்ல யார் பேர எழுதுவாங்கண்ணே? இவனுக்கு என்ன விட்டா யார் இருக்கா? எனக்குக் கத்தி பயமில்ல. நான் ஆபரேஷன் மேசை மேலயே போயிட்டா இவன் வெறும் வயித்தோட நாற்காலியில உக்காந்து யாராவது வருவாங்கன்னு வாசலப் பாத்துட்டு இருப்பான். அத நெனச்சாத்தான் பயம்."

டீக்கடைக்காரனிடம் அவளுக்கும் ஒரு டீ சொன்னேன்.

நுமான் மனசாட்சி உள்ள மனிதர். மூன்று நாள் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார். வழி இருக்கிறதாம். துணையாள் நோயாளியாக இருக்கத்தான் சட்டத்தில் இடமில்லை. ஆனால் குடிமக்களில் யார் வேண்டுமானாலும் தற்காலிக மாற்றுத்திறனாளி ஆகலாம். நாஜிஹா முதலில் அறுபது நாள் மாற்றுத்திறனாளியாக ஆகிவிட வேண்டும். ஆகிவிட்டால் அவளுக்கே ஒரு தற்காலிகத் துணையாளை நியமிக்கலாம். அதற்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்துக்கு மெய்க் கடிதம் வேண்டும், அப்புறம் மருத்துவக் குழுவின் சான்று வேண்டும், அதற்கும் ஒரு மெய்க் கடிதம் வேண்டும்.

எங்கள் ஊரில் எந்தத் தாளும் தானாக உண்மையாகிவிடாது. ஆஸ்பத்திரி ஒரு கடிதம் கொடுத்தால், இதை நீங்கள்தான் கொடுத்தீர்களா என்று அலுவலகம் ஆஸ்பத்திரிக்கு எழுதும். ஆம், நாங்கள்தான் கொடுத்தோம் என்று ஆஸ்பத்திரி பதில் எழுத வேண்டும். அதுதான் மெய்க் கடிதம். தபாலில் போகாது. சம்பந்தப்பட்டவர் கையில் கொடுக்கவே மாட்டார்கள், வழியில் பொய்யாக்கிவிடுவாரோ என்று. அதைச் சுமப்பதற்கென்றே சப்ரி என்று ஒருவர் இருந்தார். மொத்த அலுவலகத்துக்கும் அவர் ஒருவர்தான். டாக்ஸிக் காசு சம்பந்தப்பட்டவர் தலையில்.

இப்படியாக ஒரு திங்கள்கிழமை, டாக்ஸியின் பின் சீட்டில் சப்ரி மடியில் உறையோடு உட்கார்ந்தார். நாஜிஹா மறு ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். உறைக்குள்ளே இருந்தது அவளுடைய வயிற்றைப் பற்றிய கடிதம்தான், ஆனாலும் அவள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வரவும் முடியாது. விட்டுவிட்டு வந்தால் முழுநேரம் தவறிவிட்டதாகத் தான் எழுத வேண்டியிருக்கும் என்று சப்ரி முன்கூட்டியே அன்போடு சொல்லியிருந்தார். ஆகவே ஷாகிரை அவள் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தாள். ஆஸ்பத்திரியில் தூக்கி இறக்கினாள். மறுபடி தூக்கி ஏற்றினாள். சப்ரி கை கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லக் கூடாது, உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. 'எங்கள் கடிதம் உண்மையா என்று கேட்டு உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அது உங்கள் கடிதம்தானா என்று உறுதிப்படுத்தவும்.' நுமான் இதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டி ரசித்தார். வேலை தெரிந்தவர்கள் என்று பாராட்டினார்.

நாலு தடவை டாக்ஸி போய் வந்தது. அதற்குள் ஆபரேஷன் தேதி தாண்டிவிட்டது.

ஏப்ரலில் மருத்துவக் குழு முன்னால் நின்றாள். அன்று வந்திருந்தது ஒரு கண் டாக்டரும், ஒரு தோல் டாக்டரும், ஓய்வு பெற்ற ஒரு நிர்வாக அதிகாரியும். வயிற்று டாக்டர் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது, ஆனால் குழுவுக்கு மூன்று தலைகள் இருந்தால் போதும் என்பதால் அவர் இல்லாதது தடையாகவில்லை. கண் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுப் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். தோல் டாக்டருக்கும் திருப்தி. அப்புறம் நிர்வாக அதிகாரிதான் விஷயத்துக்கு வந்தார். தூக்க முடியவில்லை என்கிறீர்களே, எங்கே, தூக்கிக் காட்டுங்கள் என்றார்.

"எதத் தூக்க?"

"வழக்கமா எதத் தூக்குவீங்களோ அத."

நாஜிஹா குனிந்து தம்பியின் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கி, சுவரோரம் இருந்த கட்டிலில் உட்கார வைத்தாள். வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துவிட்டது. அப்புறம் குழு கூடிப் பேசி ஒரு வரி எழுதியது: 'தூக்க முடிகிறது, வலியுடன்.'

வலியுடன் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு பக்க மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய நல்ல மனுக்களில் அது ஒன்று. மே மாதம் முதல் வாரத்தில் நாஜிஹா அறுபது நாள் மாற்றுத்திறனாளி ஆனாள். மாலை போடாத குறைதான்.

இரண்டாவது ஆபரேஷன் தேதி மே பதினேழாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. டாக்டர் இந்த முறை சாந்தமாகப் பேசவில்லை. குடல் சிக்கிக்கொள்கிற நிலையில் இருக்கிறது, இதையும் தவறவிட்டால் அடுத்த தடவை உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள், வந்தாலும் நான் உறுதி சொல்ல முடியாது என்றாராம். துணையாளை நியமிக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு நுமான் எங்களைக் கூப்பிட்டது அதற்கு முந்தின வியாழக்கிழமை. வெள்ளியும் சனியும் விடுமுறை. மணி பகல் பன்னிரண்டே முக்கால், இரண்டு மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

சுந்துஸையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். நல்ல அங்கி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நுமான் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். ரத்த உறவாக இருக்க வேண்டும். ஒரே ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும். எந்த வேலையும் வருமானமும் இருக்கக் கூடாது. பக்கத்து வீடு ரத்த உறவில்லை, ரேஷன் கார்டு வேறு, மேலும் இந்தம்மா ரொட்டி விற்கிறார் என்றார்.

"அடுப்ப அணைச்சுடுறேன் உஸ்தாத்," என்றாள் சுந்துஸ். "நான் ரொட்டி விக்கிறேன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"தெனமும் நாந்தானம்மா வாங்குறேன். நல்ல ரொட்டி. அணைச்சுறாதீங்க."

நாஜிஹா சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அழுகிற ஆள் இல்லை அவள், எனக்கே என்னமோ போலாகிவிட்டது. நுமானுக்கும் தாங்கவில்லை. ரேஷன் கார்டைக் கொடுங்கள், ஏதாவது வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்று வாங்கி, விரலை வைத்துப் படித்தார். அதில் இரண்டே பெயர். நாஜிஹா. ஷாகிர். அவர் விரல் இரண்டாவது பெயரில் நின்றது. முகம் மெல்ல மலர்ந்தது.

"ரத்த உறவு. ஒரே கார்டு. வேல இல்ல, வருமானம் இல்ல. நாள் பூரா வீட்லயே இருக்கார்." நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருஷ சர்வீஸ்ல எல்லா நிபந்தனையும் இவ்வளவு கச்சிதமாப் பொருந்துற ஒரு ஆள நான் பாத்ததே இல்ல."

யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது ஷாகிருக்கு.

"நானா?"

"அவனால நடக்க முடியாதே உஸ்தாத்," என்றாள் நாஜிஹா.

"நடக்கணும்னு விதியில எங்கம்மா இருக்கு? காட்டுங்க, கிழிச்சுப் போட்டுர்றேன்."

இன்னொரு சிறிய சிக்கல் இருந்தது. துணை தேவைப்படுகிறவரே துணையாளாகவும் இருக்க முடியாது. அதையும் நுமான் தீர்த்தார். ஷாகிருடைய கோப்பை அறுபது நாளைக்கு நிறுத்தி வைத்துவிடலாம் என்றார்.

"அப்ப இன்னிக்கு மதியத்துலருந்து எனக்குக் கால் இருக்கா உஸ்தாத்?"

"கோப்பு அளவுல," என்றார் நுமான்.

ஒன்றரை மணிக்கு ஆணையில் முத்திரை விழுந்தது. தன் பெயரில் இனி வரப்போகிற துணையாள் சம்பளத்தை சுந்துஸிடம் கொடுத்துவிடுவதாக ஷாகிர் வாசலிலேயே சொல்லிவிட்டான். அதாவது நாஜிஹா மார்ச்சில் முதல் நாள் கேட்டது அப்படியே நடந்தது. சம்பளம் சுந்துஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நடுவில் பத்து வாரமும் நாற்பத்தோரு தாளும் ஆனது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. தாள்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன், பாதி நான் எழுதியவை.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் பகுதிக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள் என்பதால் உள்ளே சுந்துஸ் இருந்தாள். சட்டப்படியான துணையாள் நடைபாதையில், கதவுக்கு நேரே, மடியில் ஆணையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தெருக்காரர்கள் முறை வைத்து அவனைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் சாப்பாடு கொண்டுவந்தான், தொடவில்லை. நான் என்னென்னவோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அந்த வாய் ஓயாத மனுஷன் மூன்று மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு திறந்து நர்ஸ் வந்து, நல்லபடியாக முடிந்தது, கண் முழித்துவிட்டார், தம்பி சாப்பிட்டானா என்று கேட்கிறார் என்று சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்புறம் அந்தச் சாப்பாட்டை முழுதும் தின்றான்.

மூன்றாவது வாரம், அலுவலகத்திலிருந்து வீட்டுச் சோதனைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். அப்போது சுந்துஸ் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் வாளி தூக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரையும் விருந்தாளிகள் என்று ஷாகிர் அறிமுகப்படுத்தினான். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருந்த படிவத்தில் விருந்தாளிகளைப் பற்றிக் கேள்வி இல்லை. துணையாள் வீட்டில் இருந்தாரா, கடமையிலிருந்து நகர்ந்தாரா என்றுதான் இருந்தது. அவள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதினாள்: 'சோதனை நேரம் முழுவதும் துணையாள் தம் இருக்கையை விட்டு ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை.'

அலுவலகம் ஆடிப்போய்விட்டது. மற்ற துணையாட்கள் எல்லாம் கடைக்குப் போயிருந்தார்கள், மொட்டை மாடிக்குப் போயிருந்தார்கள், ஒருத்தி தூங்கியே போயிருந்தாள். இப்படி ஒரு கடமை உணர்ச்சியை யாரும் கேள்விப்பட்டதில்லை. மேலிடத்துக்கு அறிக்கை போனது. மாகாணத்தின் சிறந்த முழுநேரத் துணையாள் என்று ஷாகிருக்கு நன்றியும் பாராட்டும் கடிதம் கொடுப்பதென்று முடிவானது. எங்கள் நாட்டில் பாராட்டுக் கடிதம் என்பது லேசுப்பட்டதில்லை. அதற்காக அதிகாரிகள் வருடக்கணக்கில் ஏங்குவார்கள். நுமானுக்கு இதுவரை ஒன்றுதான் கிடைத்திருக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

ஜூன் கடைசியில், வெயில் கொளுத்துகிற ஒரு காலையில் விழா. அலுவலகத்தின் இரண்டாம் மாடி மண்டபம். பாக்தாதிலிருந்து தலைமை இயக்குநர் கைஸ் வந்திருந்தார், பருமனான ஆள், கழுத்தில் டை. தொலைக்காட்சிக்காரர்கள் மேலே கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். வெளியே கூடியிருந்தவர்களும் கேட்கட்டும் என்று ஜன்னலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மின்சாரம் மட்டும் லிஃப்டுக்கு வரவில்லை. இருக்கிற ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்கும் கேமராவுக்கும்தான் காணும்.

வாசலில் வரவேற்க நின்ற கைஸ், சிறந்த துணையாள் சக்கர நாற்காலியில் வந்து இறங்கியதைப் பார்த்தார். நுமானைப் பார்த்தார். நுமான் வானத்தைப் பார்த்தார்.

நாஜிஹாவும் வந்திருந்தாள். அவளுடைய அறுபது நாளில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது. முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அலுவலகத்தின் வெளிப்புறப் படிக்கட்டைப் பார்த்ததுமே பழக்க தோஷத்தில் கையை மடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். உட்காரு தங்கச்சி, உன் கோப்பில் நீ மாற்றுத்திறனாளி என்று சொல்லி என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

வேறு வழியில்லை. கைஸ், நுமான், சப்ரி, காவலாளி நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நாற்காலி சாய்ந்தது. டை ஷாகிரின் வாயில் போய் விழுந்தது. அவன் அதை மரியாதையாக எடுத்து இயக்குநரின் தோளில் போட்டான்.

"மெதுவா, உஸ்தாத். குடல் எறங்கிறப்போகுது. உங்களுக்கு ரேஷன் கார்டுல யார் யார் இருக்காங்க?"

முதல் வளைவிலேயே அவர்கள் தடுமாறியதைப் பார்த்து நாஜிஹாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள்.

"முதுக வளைக்காதீங்க. முழங்காலுக்கு அடியில கைய விடுங்க. இழுக்காதீங்க, அவனுக்குத் தோள் வலிக்கும். ஒரு படிக்கு ஒரு மூச்சு எடுத்துக்குங்க."

பாக்தாதிலிருந்து வந்த தலைமை இயக்குநர் சரிம்மா என்றார். ஒரு படிக்கு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாடியில் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவுக்குள் நுழைவதற்கு முன்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு இவர எத்தன தடவம்மா தூக்குவீங்க?"

"பத்து. பன்னெண்டு. வெயில் காலத்துல குளிக்க இன்னும் ரெண்டு தடவ."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நாஜிஹா திரும்பி வந்து உட்கார்ந்தாள். உள்ளே கூட்டம் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. முழுநேரம் என்ற தலைப்பில் தலைமை இயக்குநர் இப்போது உரையாற்றுவார் என்று யாரோ அறிவித்தார். நாங்கள் காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. ஒரு நிமிடம் ஆனது. ஒன்றரை ஆனது. முழுநேரம், என்று ஆரம்பித்தார். மறுபடியும் மூச்சுத்தான். இயக்குநருக்கு உணர்ச்சிவசத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தார்களோ என்னவோ, மண்டபமே கை தட்ட ஆரம்பித்தது. விடாமல் தட்டினார்கள்.

நாஜிஹா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

"எதுக்குண்ணே இப்படிக் கை தட்டுறாங்க?"

"அவங்க நாலு பேர் சேர்ந்து உன் வேலைய மூணு நிமிஷம் பாத்தாங்கல்ல தங்கச்சி, அதுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சிரிக்க வைக்காதீர்கள் அண்ணே, வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.